சிக்கலைச் சுமப்பவர் யார்? இணையச் செயலிகளும் எளிமையும்

இணையத்தின் மூலமாக இன்று நாம் செய்கிற காரியங்களில் பெரும்பகுதி வாசிப்பைச் சேர்ந்ததன்று. ரயிலுக்குச் சீட்டுப் பதிகிறோம். வங்கிக் கணக்கிலிருந்து பணம் அனுப்புகிறோம். நகரத்தின் வரைபடத்தை விரித்து வழி தேடுகிறோம். வெவ்வேறு ஊர்களில் அமர்ந்திருக்கும் பலர் ஒரே பத்திரத்தை ஒரே சமயத்தில் திருத்துகிறோம். ஏடுகளைப் படிப்பதற்கும் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குத் தாவுவதற்கும் என்று தோன்றிய சாதனம், முப்பது ஆண்டுகளுக்குள் அஞ்சல் நிலையம், அங்காடி, அலுவலகம் ஆகிய யாவற்றின் வேலைகளையும் ஏற்றுக்கொண்டுவிட்டது. இத்தகைய செயலிகளை நிர்மாணிப்போர் முன்னே இரண்டு கோரிக்கைகள் இடையறாது நிற்கின்றன: செயலி பல காரியங்களில் வல்லமை உடையதாய், கை பட்டவுடன் அசைவதாய் இருக்க வேண்டும் என்பது ஒன்று, அதைக் கையாள்பவர் எவ்விதப் பயிற்சியும் பெறாமலே கையாள வேண்டும் என்பது மற்றொன்று.

இவ்விரண்டும் ஒன்றோடொன்று பகைப்பவை என்றும், வல்லமை கூடினால் எளிமை குறையுமென்றும் ஓர் அபிப்பிராயம் நெடுங்காலமாக நிலவுகிறது. இவ்விஷயத்தில் எனக்குப் பிடித்தமான சித்தாந்தம், ஜெராக்ஸ் ஆய்வுக்கூடத்திலும் பின்னர் ஆப்பிள் நிறுவனத்திலும் பணிபுரிந்தவரும், கணினியில் எழுத்துகளை வெட்டி ஒட்டும் முறையை நமக்குத் தந்தவர்களில் ஒருவருமான லாரி டெஸ்லர் 1980களின் நடுவில் வகுத்தது. எந்தச் செயலியிலும் இதற்குமேல் குறைக்க இயலாது என்னும் அளவுக்குச் சிக்கல் இருந்தே தீரும். அதனை அமைப்பவர் சுமக்காவிட்டால் உபயோகிப்பவர் சுமக்க நேரும் என்பதே அதன் சாரம். இந்த அளவுகோலைக் கையில் வைத்துக்கொண்டு இணையச் செயலிகளின் சரித்திரத்தைப் பார்த்தால், எளிமை என்ற பெயரால் நடந்த முயற்சிகளில் எவை மெய்யானவை, எவை பாசாங்கு என்பது ஒருவாறு விளங்கும்.

ஜெனீவாவை அடுத்த செர்ன் ஆய்வு நிலையத்தில் டிம் பெர்னர்ஸ்-லீ 1989இல் முன்மொழிந்து, அடுத்த ஆண்டே இயங்க வைத்த வலை, ஆவணங்களுக்காகப் பிறந்தது. அதன் அடிப்படைகள் மிகச் சில. பக்கம் ஒவ்வொன்றுக்கும் முகவரி உண்டு; ஒரு பக்கத்திலிருந்து இன்னொன்றுக்குச் செல்ல இணைப்பு உண்டு; வழி தவறினால் வந்த வழியே திரும்ப இடமுண்டு. ஆயிரக்கணக்கான தளங்களை ஆயிரக்கணக்கானோர் தத்தம் மனம்போல் கட்டியபோதும், எல்லாவற்றிலும் உலவுவதற்கு ஒரே ஞானம் போதுமாயிருந்தது. இந்தப் பொது இலக்கணமே வலையின் முதற்பெரும் செல்வம் என்பது என் கருத்து. அதன் அருமை, அது கைநழுவிய பிறகே பலருக்குத் தெரிந்தது.

ஆயினும் அந்த அமைப்பில் ஒரு குறை இருந்தது. எந்தச் சிறு மாற்றத்திற்கும் முழுப் பக்கத்தையும் சர்வரிலிருந்து மீண்டும் தருவிக்க வேண்டும். சபீர் பாட்டியாவும் ஜாக் ஸ்மித்தும் 1996 ஜூலையில் தொடங்கிய ஹாட்மெயில், உலகின் எந்த மூலையிலிருந்தும் உலாவி ஒன்றின் வழியாகவே கடிதம் படிக்கலாம் என்று காட்டியது. அது பெரும் புரட்சி. ஆனால் கடிதம் ஒன்றைத் திறந்தால் திரை வெறுமையாகிப் பின் நிறையும். நீக்கினால் மறுபடியும் அவ்வாறே. தொலைபேசிக் கம்பி வழியே இணையம் தவழ்ந்து வந்த நாட்களில் இந்தக் காத்திருப்பு அற்பமானதன்று.

இக்குறையைப் போக்க எழுந்த முதல் முயற்சிகள், உலாவிக்குள்ளே வேறொரு யந்திரத்தைப் பொருத்துவதாக அமைந்தன. அவற்றுள் வெற்றி கண்டது ஃப்ளாஷ். அதனைப் பரப்பிய மாக்ரோமீடியா நிறுவனம், அசைவும் ஒலியும் வாய்ந்த செயலிகளைக் குறிக்க 'வளமிக்க இணையச் செயலி' என்னும் பொருள்பட ஒரு தொடரை 2002இல் வழக்கிற்குக் கொண்டுவந்தது. அந்தக் காலத்துத் தளங்களை நினைவு வைத்திருப்போர் அறிவர்: வாயிலிலேயே ஓர் அசைபட முன்னுரை ஓடும், அதைத் தாண்டிச் செல்ல மூலையில் சிறு பொத்தான் இருக்கும், வாசகர் எல்லோரும் அந்தப் பொத்தானைத்தான் முதலில் தேடினர். பயன்பாட்டு ஆராய்ச்சியில் பெயர்பெற்ற ஜேக்கப் நீல்சன் 2000ஆம் ஆண்டில் ஃப்ளாஷை நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பங்கு தீயது என்று கண்டித்தார்; இரண்டே ஆண்டுகளில் அதே நிறுவனத்தோடு கைகோத்து அதன் உபயோகத்தைச் சீர்படுத்த முனைந்தார் என்பது ஒரு சுவையான செய்தி. 2010இல் ஆப்பிளின் ஸ்டீவ் ஜாப்ஸ் தம் நிறுவனத்தின் கைபேசியில் அதற்கு இடமில்லை என்று பகிரங்கமாக எழுதினார். 2020 டிசம்பர் 31இல் அது முற்றிலும் ஓய்வு பெற்றது. அதன் அழகைக் குறை சொல்வதற்கில்லை. ஒவ்வொரு தளமும் தனக்கென்று ஓர் இலக்கணத்தை ஏற்படுத்திக்கொண்டு, பொத்தான் எது, படம் எது, எங்கே தொட்டால் என்ன நேரும் என்பதை வருகிறவர் ஒவ்வொருவரும் ஆதியிலிருந்து கற்கும்படி செய்ததே அதன் குற்றம்.

மெய்யான வழி வேறொரு திசையிலிருந்து, ஆரவாரமின்றி வந்தது. உலாவியின் வழியே அலுவலக அஞ்சலைப் படிக்கும் செயலிக்காக மைக்ரோசாஃப்ட் நிறுவனத்தார் ஒரு சிறு கருவியை உண்டாக்கி, 1999இல் வெளிவந்த இன்டர்நெட் எக்ஸ்புளோரர் ஐந்தாம் பதிப்பில் சேர்த்தனர். முழுப் பக்கத்தையும் கலைக்காமல், வேண்டிய தரவை மட்டும் பின்னணியில் சர்வரிடம் கேட்டுப் பெற அது உதவிற்று. ஏறக்குறைய ஐந்து ஆண்டுகள் அதன் மகிமையை அதிகம் பேர் உணரவில்லை. 2004 ஏப்ரல் 1இல் ஜிமெயில் வெளிவந்தபோது, ஹாட்மெயில் 2 மெகாபைட் இடம் தந்துகொண்டிருந்த நாளில் ஒரு கிகாபைட் தருவதாகச் சொன்ன கூகுளின் பேச்சை முட்டாள்கள் தினத்து வேடிக்கை என்று பலர் எண்ணினர். இடத்தைவிட வியப்பானது, கடிதங்கள் திரை கலையாமல் திறந்ததும் மூடியதுமே.

அடுத்த ஆண்டு பிப்ரவரி 8இல் வந்த கூகுள் மேப்ஸ் இந்த ஆராய்ச்சிக்கு ஆகச்சிறந்த உதாரணம்; அதனிடம் சற்று நின்று பார்ப்பது தகும். அதற்கு முன்பிருந்த வரைபடத் தளங்களில் கிழக்கே பார்க்க விரும்பினால் படத்தின் ஓரத்திலுள்ள அம்பைச் சொடுக்க வேண்டும், சர்வர் புதிய படம் ஒன்றை வரைந்து அனுப்பும், அதுவரை வெறுந்திரை. பார்ப்பவர் தாம் எங்கே இருந்தோம் என்பதை மனத்திலேயே பிடித்து வைத்துக்கொண்டு, புதிய படத்தில் அந்த இடத்தைத் தேடிக் கண்டுபிடிக்க வேண்டும். சிட்னியிலிருந்த சிறு நிறுவனமொன்றில் ராஸ்முஸன் சகோதரர்களும் தோழர்களும் தொடங்கி, கூகுள் வாங்கி வளர்த்த புதிய செயலியிலோ, படத்தைப் பிடித்து இழுத்தால் படம் நகர்ந்தது. மேசைமேல் விரித்த காகிதத்தை நகர்த்தத் தெரிந்த எவருக்கும் அது தெரியும். கற்பிக்க வேண்டியது ஒன்றுமில்லை.

அந்த ஒற்றை அசைவின் பின்னே இருந்த பிரயாசையை எண்ணிப் பாருங்கள். உலகம் முழுவதையும் பக்கத்துக்கு 256 புள்ளிகள் கொண்ட சதுர ஓடுகளாக முன்கூட்டியே அறுத்து வைத்தார்கள். மிகத் தொலைவிலிருந்து காணும் நிலையில் ஒரே ஓடு; ஒரு படி நெருங்கினால் நான்கு; இன்னொரு படியில் பதினாறு; இப்படி நான்கு நான்காகப் பெருகிப் பத்தாம் படியில் பத்து லட்சத்திற்கும் மேலாகிவிடும். பார்ப்பவர் இழுக்கும் திசையை உலாவி கவனித்து, திரையின் விளிம்புக்கு அப்பாலுள்ள ஓடுகளை அவர் வந்து சேருமுன்பே தருவித்து வைக்கிறது. தேரின் வடத்தைப் பிடித்தவர்க்கெல்லாம் தாமே இழுத்ததாகத் தோன்ற, அதைத் தெருமுனையில் திருப்புகிறவர் சக்கரத்தடியில் குனிந்து கட்டை கொடுத்துக்கொண்டிருப்பது போன்றது இந்த ஏற்பாடு. முன்பு பார்ப்பவரின் மனம் சுமந்த சிக்கலை இப்போது சர்வர்களும் அவற்றை அமைத்தவர்களும் சுமந்தனர். சிக்கலின் மொத்த அளவு குறையவில்லை, பன்மடங்கு கூடியிருக்கவும் வேண்டும்.

மேப்ஸ் வெளிவந்த பத்து நாட்களில் ஜெஸ்ஸி ஜேம்ஸ் காரெட் என்பவர் இம்முறைகளைத் தொகுத்து 'அஜாக்ஸ்' என்று பெயர் சூட்டினார். பெயர் கிடைத்தவுடன் அது ஓர் இயக்கமாயிற்று. 1995இல் பிரெண்டன் ஐக் பத்தே நாட்களில் முதல் வடிவம் தந்த ஜாவாஸ்கிரிப்ட், அதுகாறும் பக்கத்துக்குச் சிறு அலங்காரம் செய்யும் மொழியாகக் கருதப்பட்டது; இனி முழுச் செயலிகளையும் எழுதும் மொழியாகப் பதவி உயர்வு பெற்றது. சென்னையில் வேரூன்றிய ஜோஹோ நிறுவனமும் 2005லேயே உலாவிக்குள் இயங்கும் எழுதுகருவியை வெளியிட்டது என்பது நாம் பெருமையோடு குறித்துக்கொள்ளத் தக்கது.

லாபத்தோடு நஷ்டமும் வந்தது. பக்கம் மாறாமலே எல்லாம் நிகழ்ந்ததால் முகவரியும் மாறவில்லை. முன்பு, கண்டதை நண்பருக்குக் காட்ட முகவரியை அனுப்பினால் போதும்; இப்போது அந்த முகவரி அவரைச் செயலியின் வாசலில் கொண்டுபோய் நிறுத்தியது. கூகுள் மேப்ஸிலேயே, பார்த்துக்கொண்டிருக்கும் இடத்துக்கு முகவரி பெறத் தனியே ஓர் இணைப்பு வைக்க வேண்டியிருந்தது. பின்செல்லும் பொத்தானை அமுக்கினால் ஒரு படி பின்னே போவதற்குப் பதிலாகச் செயலியை விட்டே வெளியேறும் அவலமும் நேர்ந்தது. அரைமணி நேரம் நிரப்பிய படிவம் ஓர் அமுக்கலில் மறைந்த அனுபவம் இல்லாதவர் அக்காலத்தில் குறைவு. உலாவிகளில் முகவரியையும் வரலாற்றையும் செயலியே மாற்றியமைக்க வழி செய்யும் வசதி 2010ஐ ஒட்டி வந்த பின்னரே, இழந்ததை மீட்க முடிந்தது. இலவசமாக இருந்ததை அழித்து, பாடுபட்டுத் திரும்பக் கட்டிய கதை இது.

ட்விட்டரின் அனுபவமும் இவ்வினத்தைச் சேர்ந்தது. 2010இல் அந்நிறுவனம் தன் தளத்தைப் புதுப்பித்து, பக்கத்தை உருவாக்கும் வேலை முழுவதையும் வாசகரின் உலாவியிடம் ஒப்படைத்தது. முதல் எழுத்து கண்ணில் படுமுன் பெருந்தொகையான நிரலை இறக்கி, படித்து, இயக்க வேண்டியதாயிற்று. மெதுவான கணினி வைத்திருப்போர் காத்திருந்தனர். 2012இல் அவ்வேலையைத் திரும்பவும் சர்வருக்கே மாற்றியபோது, முதற்பக்கம் தோன்றும் நேரம் ஐந்தில் ஒரு பங்காகக் குறைந்ததாக அவர்களே அறிவித்தனர். சிக்கலை யார்மேல் ஏற்றினார்கள் என்ற கேள்வி இங்கே உருவகமாக நிற்கவில்லை. ஏழை வாசகரின் பழைய கணினியே அதைச் சுமந்தது.

காலம் என்பது எளிமையின் ஓர் அங்கம் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். ராபர்ட் மில்லர் என்னும் ஆய்வாளர் 1968லேயே கணினியின் மறுமொழி நேரத்தை ஆராய்ந்தார். அதனைத் தழுவி நீல்சன் 1993இல் மூன்று எல்லைகளை நிறுவினார். நொடியில் பத்தில் ஒரு பங்குக்குள் விடை வந்தால் தம் கையே காரியத்தைச் செய்ததாக மனிதர் உணர்கின்றனர். ஒரு நொடிக்குள் வந்தால் தாமதத்தைக் கவனித்தாலும் சிந்தனை அறுபடுவதில்லை. பத்து நொடியைத் தாண்டினால் கவனம் வேறெங்கோ போய்விடுகிறது. தேடல் விடைகளை ஒரு பக்கத்துக்கு முப்பதாகப் பெருக்கிப் பார்த்த சோதனையில், கூடுதலாகப் பிடித்த அரை நொடிக்காகவே தேடல்கள் ஐந்தில் ஒரு பங்கு குறைந்தன என்று கூகுளின் மரிஸ்ஸா மேயர் 2006இல் ஒரு மேடையில் கூறினார். நிறைய விடைகள் வேண்டும் என்று கேட்டவர்களும் பயனர்களே. காத்திருக்க மறுத்தவர்களும் அவர்களே.

இதை உணர்ந்த அமைப்பாளர்கள் பல யுக்திகளைக் கையாள்கின்றனர். நீங்கள் 'விருப்பம்' குறியை அமுக்கியதும், சர்வர் ஒப்புமுன்பே நிறத்தை மாற்றிக் காட்டிவிடுவது அவற்றுள் ஒன்று. அற்ப விஷயங்களில் இது லாகவமான ஏற்பாடுதான்; தவறினால் பிறகு சொல்லிக்கொள்ளலாம். ஆனால் பணமும் பயணச்சீட்டும் சம்பந்தப்பட்ட இடங்களில் இந்தத் தந்திரத்தை நான் ஒப்பமாட்டேன். பணம் போயிற்றா, இடையில் நிற்கிறதா, திரும்பி வருமா என்பதை உள்ளது உள்ளபடி சொல்லும் திரை சற்று மெதுவாக இருந்தாலும் குற்றமில்லை. அங்கே பயனர் வேண்டுவது நிச்சயம்.

இனிப் பாசாங்கான எளிமைக்கு வருவோம். திரையில் காணப்படும் பொருள்களைக் குறைப்பதே எளிமை என்று கருதும் ஒரு மரபு, கைபேசியின் சிறு திரையோடு சேர்ந்து வலுப்பெற்றது. மூன்று கோடுகளால் ஆன குறி ஒன்றின்பின் பட்டியல் முழுவதையும் ஒளித்து வைப்பது அதன் பிரசித்தமான அடையாளம். ஜெராக்ஸ் ஸ்டார் கணினிக்காக நார்ம் காக்ஸ் வரைந்து 1981இல் வெளிவந்த அக்குறி, ஏறக்குறைய முப்பது ஆண்டு உறக்கத்துக்குப்பின் கைபேசிகளில் மறுபிறவி எடுத்தது. ஒளித்த பட்டியலைவிடக் கண்முன் உள்ள பட்டியலையே மக்கள் அதிகம் உபயோகிக்கின்றனர் என்றும், ஒளித்தால் காரியம் முடிய நேரம் கூடுகிறது என்றும் நீல்சனின் நிறுவனம் 2016இல் சோதித்துக் காட்டியது. திரை சுத்தமாயிற்று, எங்கே என்ன இருக்கிறது என்று நினைவு வைக்கும் பாரம் பயனரின் தலையில் ஏறியது. பெயர் எழுதாத படக்குறிகளும் இதே வகையின. வடிவமைப்புப் போட்டியில் பரிசு வாங்கும் திரைகளில் பாதி இந்த நோயால் பீடிக்கப்பட்டவை என்று சொன்னால் வடிவமைப்பாளர் கோபிப்பர், கோபிக்கட்டும்.

மெய்யான எளிமை எப்படிப்பட்டது என்பதற்கு, பயன்பாட்டு ஆராய்ச்சியாளர் ஜாரட் ஸ்பூல் 2009இல் எழுதிய ஒரு வரலாறு பொருத்தமானது. பெரிய இணைய அங்காடி ஒன்றில் பொருளைத் தேர்ந்தெடுத்தபின் பணம் செலுத்துமுன் ஒரு படிவம் வரும். மின்னஞ்சலுக்கும் கடவுச்சொல்லுக்கும் இரண்டு கட்டங்கள், 'உள்நுழை', 'பதிவுசெய்' என்று இரண்டு பொத்தான்கள், மறந்தவருக்கு ஓர் இணைப்பு. இதைவிடச் சிறிய படிவம் இருக்க முடியாது. ஆயினும் வாங்க வந்தவர் பலர் அங்கேயே திரும்பிப் போயினர். புதியவர்கள், தாங்கள் பொருள் வாங்க வந்தார்களேயன்றி உறவு கொண்டாட வரவில்லை என்று சலித்தனர். பழையவர்களுக்கோ எந்த மின்னஞ்சல், எந்தக் கடவுச்சொல் என்று நினைவில்லை. 'பதிவுசெய்' பொத்தானை எடுத்துவிட்டு 'தொடர்க' என்று வைத்து, கணக்குத் தொடங்காமலே வாங்கலாம் என்று ஒரு வரி சேர்த்தார்கள். வாங்குவோர் தொகை நூற்றுக்கு 45 உயர்ந்தது. முதலாண்டில் 30 கோடி டாலர் கூடுதலாக வந்தது. திரையில் எழுத்து ஒரு வரி கூடியிருக்கிறது என்பதைக் கவனியுங்கள்.

இதற்கு இணையாக நான் மதிப்பது, அனுப்பிய கடிதத்தைத் திரும்பப் பெற ஜிமெயில் தரும் வசதி. சோதனை முயற்சியாக 2009இல் வந்து, 2015இல் எல்லோருக்குமாக நிலைபெற்றது. 'நிச்சயமாக அனுப்பவா?' என்று ஒவ்வொரு தடவையும் கேட்டு நச்சரிப்பதற்குப் பதிலாக, கடிதத்தைச் சில நொடிகள் தன்னிடமே நிறுத்திவைத்து, மனம் மாறினால் மீட்டுத் தருகிறது. கேள்வி கேட்பது அமைப்பவருக்குச் சுலபம். செய்ததை அழிக்க இடம் கொடுப்பது கடினம். பிழை செய்வது மனித இயல்பு என்று கொண்டு, அதற்கு ஈடுசெய்யும் பொறுப்பைச் செயலி ஏற்றுக்கொள்கிற இடம் இது.

கண்பார்வை இல்லாதோரும், சுட்டியைப் பிடிக்க இயலாதோரும் பயனர் என்று நாம் சொல்லும் கணக்கில் சேர்ந்தவர்களே. வலையின் தரநிர்ணய சபை 1999இலும் 2008இலும் இதற்கென்று விதிகளை வெளியிட்டது; வளமிக்க செயலிகளின் அசைவுகளைத் திரை வாசிப்புக் கருவிகளுக்கு உணர்த்தும் முறையை 2014இல் நிலைநாட்டியது. அம்முறையின் முதல் விதியே, உலாவியில் இயல்பாக உள்ள பொத்தான் போதுமானால் அதையே உபயோகிக்கவேண்டும் என்பதுதான். இருந்தும், வெறும் கட்டம் ஒன்றுக்கு வர்ணம் பூசிப் பொத்தான்போல் காட்டும் வழக்கம் இன்றும் ஒழியவில்லை.

முதலில் எவ்வுலாவியிலும் இயங்கும் எளிய பக்கத்தைக் கட்டி, வசதியுள்ள உலாவிகளில் அதன்மேல் வளத்தைச் சேர்க்கும் நெறியை 2003இல் ஸ்டீவன் சாம்பியன் என்பவர் முன்வைத்தார். பிரிட்டிஷ் அரசாங்கத்தின் பொதுத்தளம் இந்நெறியைக் கைக்கொண்டு, 2013இல் ஒரு கணக்கும் எடுத்தது. வந்தவர்களில் நூற்றுக்கு 1.1 பேருக்கு ஜாவாஸ்கிரிப்டின் பயன் சேரவில்லை; அவர்களுள் அதைத் தாமே நிறுத்தி வைத்திருந்தவர் 0.2 பேர்தான், எஞ்சியோர் மோசமான இணைப்பு முதலிய வேறு காரணங்களால் இழந்தவர்கள். ஓர் அரசாங்கத்துக்கு நூற்றில் ஒருவர் என்பது அலட்சியப்படுத்தக் கூடிய தொகையன்று.

தமிழில் செயலி உபயோகிப்போருக்கு இதே கேள்வி வேறு உருவங்களில் வருகிறது. 'தமிழ்' என்பதை நாம் மூன்று எழுத்தாகக் கொள்கிறோம். யூனிகோடு முறையில் அகர உயிர்மெய்யும் உயிர்க்குறியும் புள்ளியும் தனித்தனியே சேர்ந்து அது ஐந்தாகிறது. எழுத்துத் தொகைக்கு எல்லை வைக்கும் படிவம் ஐந்து என்றே எண்ணிக்கொண்டு, நமக்கு உரிய இடத்தில் ஒரு பெரும் பகுதியைப் பறித்துக்கொள்கிறது. ஒவ்வொரு விசைத் தட்டலுக்கும் விடை தேடும் பெட்டிகள், எழுத்து முழுதாகுமுன்பே அரைகுறைச் சொல்லுக்கு விடை காட்டுகின்றன. ஆங்கிலச் சொல்லின் அகலத்துக்கு அளந்த பொத்தானில் தமிழ்ச் சொல் பிதுங்குகிறது. இவற்றுள் எதுவும் தீராத வியாதியன்று. தமிழில் ஒருமுறை தட்டச்சுச் செய்து பார்த்தால் அன்றே அகப்படும் பிழைகள்.

ஆனால் எல்லாவற்றிலும் மிகுந்த தொல்லை தருவது பெயர்க் கட்டம். தகப்பனார் பெயரின் முதலெழுத்தை முன்னே வைத்துத் தம் பெயரை எழுதும் மக்களிடம், முதற்பெயர் என்றும் குடும்பப்பெயர் என்றும் இரண்டு கட்டங்களை நீட்டி, இரண்டையும் நிரப்பாமல் நகரக் கூடாது என்று செயலி தடுக்கிறது. ஒருவர் தந்தையின் பெயரை இடுகிறார்; ஒருவர் தலைப்பெழுத்தை இடுகிறார், ஒற்றை எழுத்து செல்லாது என்று அது மறுக்கப்படுகிறது; வேறொருவர் புள்ளி ஒன்றை வைத்துத் தப்பிக்கிறார். பிறகு வங்கியில் ஒரு பெயரும் விமானச் சீட்டில் ஒரு பெயருமாக நிற்கிறது. உலகின் பெயர் வழக்கங்களை ஆராய்ந்து வலையின் தரநிர்ணய சபை தந்துள்ள ஆலோசனையும், பிரிட்டிஷ் அரசாங்கத் தளத்தின் வடிவமைப்பு நெறியும், இயன்றவிடத்து முழுப்பெயருக்கு ஒரே கட்டம் வைப்பதையே உகந்ததாகக் கொள்கின்றன. தமிழருக்கென்று செயலி அமைப்போர் அடுத்த பதிப்பிலேயே அந்த இரண்டாம் கட்டத்தை எடுத்துவிட வேண்டுகிறேன். பெயரைப் பிரித்தறியும் தேவை சர்வருக்கு இருந்தால், அந்தப் பாட்டை அதுவே படட்டும்.